சிஸ்டரிடம் சொன்னது கேஸ் ஷீட்டில் ஏறும்

போன வருடம் ஐப்பசி மழையில் அப்பா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். வயது 74. இடது பக்க இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அம்மா இல்லை. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் சென்னையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, நெல்லையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்பாவோடு இருந்தது நான் ஒருத்திதான். ஆபரேஷன், மருந்து, செலவு எல்லாவற்றுக்கும் மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் போனேன். ஆனால் என்னை அதிகம் அலைக்கழித்தது எங்கள் ஆட்களின் வாய்ப்பேச்சு. ஒரு சொல்லால் ஆபரேஷன் தள்ளிப்போனது. இன்னொரு சொல்லால் இன்சூரன்ஸ் நின்றுபோய் என் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. வார்டு நர்ஸ்கள் எங்கள்மேல் எரிந்து விழுந்த நேரங்களை நினைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் இந்தப் பேச்சால் வந்ததுதான். இதையெல்லாம் யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடுத்து யாராவது தனியாக இப்படி மாட்டிக்கொள்ளும்போது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்மிஷன் போட்டதும் நர்ஸ் வந்து வரிசையாகக் கேள்வி கேட்பார். நமக்கு அது ஏதோ விசாரிப்பு மாதிரி இருக்கும். நாம் சொல்லும் பதில் அப்படியே கேஸ் ஷீட் என்கிற நோயாளியின் பதிவுத் தாளில் ஏறும். அதைப் பார்த்துத்தான் டியூட்டி டாக்டர் எழுதுவார், மயக்க மருந்து டாக்டர் முடிவெடுப்பார், பார்மசியிலிருந்து மருந்து வரும். கடைசியில் இன்சூரன்ஸ்காரரும் அதே தாளின் நகலைத்தான் கேட்பார். ஷிஃப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் அடுத்த நர்ஸிடம் அதையே ஒப்பிப்பார். அதில் ஒன்று தப்பாக இருந்தால் டாக்டரிடம் திட்டு வாங்குவது நாம் இல்லை, அந்த நர்ஸ்தான். அவர்கள் முகம் சுளிப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

நான் சென்னையிலிருந்து ரயிலேறி வந்து சேர்வதற்குள் சித்தப்பாவே அப்பாவை அட்மிட் செய்துவிட்டார். ராத்திரி நேரம், பதற்றம். நல்ல மனிதர், ஓடி ஓடிச் செய்தார். ஆனால் நர்ஸ் கேட்டதற்கெல்லாம் அவர்தான் பதில் சொல்லியிருக்கிறார். "பிபி இருக்கா?" "முன்னாடி இருந்தது, இப்ப இல்ல." "சுகர்?" "அது இருக்கு, ஒரு இருபது வருஷமா." "இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?" "அதெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா." காலையில் நான் போய் அப்பாவின் மாத்திரைப் பையைக் கொடுத்தபோது பகல் ஷிஃப்ட் சிஸ்டர் ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்தார். பிபி மாத்திரை இரண்டு வகை இருந்தது. "பிபி இல்லைன்னு எழுதியிருக்கே?" என்றார். மாத்திரை போட்டுக் கட்டுக்குள் இருப்பதை நம் ஊரில் 'இல்லை' என்றுதான் சொல்கிறோம். டாக்டரே "பிபி நார்மல்" என்று சொல்லி அனுப்பிய பிறகு வீட்டில் வேறு எப்படிச் சொல்வார்கள்?

அடுத்த அட்டையைப் பார்த்ததும்தான் அவர் குரலே மாறியது. க்ளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் சேர்ந்த மாத்திரை. "இது எதுக்குப் போடுறார்?" நான், "2019-ல ஆஞ்சியோ பண்ணினாங்க சிஸ்டர்" என்றேன். "ஆஞ்சியோன்னா எதைச் சொல்றீங்கக்கா? படம் மட்டும் எடுத்தாங்களா, ஸ்டென்ட் வெச்சாங்களா?" ஆஞ்சியோகிராம் என்பது ரத்தக்குழாயில் சாயத்தைச் செலுத்தி அடைப்பு எங்கே என்று பார்க்கும் பரிசோதனை. ஆஞ்சியோபிளாஸ்டி என்பது அந்த அடைப்பைப் பலூனால் விரித்து, பெரும்பாலும் ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயை வைக்கும் சிகிச்சை. வீட்டில் நாம் இரண்டையும் 'ஆஞ்சியோ' என்றே சொல்கிறோம். கீறித் தையல் போடாததால் சித்தப்பாவுக்கு அது ஆபரேஷன் கணக்கிலேயே வரவில்லை. அப்பாவின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி படம் நல்லவேளையாக என் போனில் இருந்தது. அதைக் காட்டினேன். சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முதுகுல மரத்துப்போற ஊசி போட்டு ஆபரேஷன் பண்றதா எழுதி வெச்சிருக்கு. இதை ராத்திரியே சொல்லியிருக்கணும்லக்கா" என்று கோபமாகவே சொன்னார். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு காரணத்தை மயக்க மருந்து டாக்டர் விளக்கினார். க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை உடம்பில் இருக்கும்போது முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து கால்கள் செயலிழக்கும் ஆபத்து உண்டாம். அதனால் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதற்காக ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாகவே நிறுத்தவும் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். இதய டாக்டரை வரவழைத்து, எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்து, கடைசியில் முழு மயக்கத்தில் செய்யலாம் என்று முடிவானது.

இதில் நான் கற்றது: நோயின் பெயரைச் சொல்வதைவிட மாத்திரை அட்டையைக் கொடுப்பது மேல். அட்டை இல்லையென்றால் பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக் கொடுங்கள். 'வெள்ளை மாத்திரை', 'ஹார்ட் மாத்திரை', 'ராத்திரி போடுற சின்ன மாத்திரை' என்று சொன்னால் எந்த நர்ஸுக்கும் எரிச்சல் வரும், வருவதும் நியாயம்தான். ஆபரேஷன் உண்டா என்று கேட்டால் கண் ஆபரேஷன், குடல்வால், ஸ்டென்ட், எண்டோஸ்கோபி என்று உடம்புக்குள் எதை நுழைத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். எது தேவை, எது தேவையில்லை என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒவ்வாமை விஷயமும் இதே ராத்திரியில் நடந்ததுதான். "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா, "பென்சிலின் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டார். உடனே அலர்ஜி என்று சிவப்பு மையில் எழுதிக் கையிலும் சிவப்புப் பட்டை கட்டிவிட்டார்கள். உண்மையில் நடந்தது, முன்பொரு தடவை ஒரு கேப்ஸ்யூல் சாப்பிட்டு அப்பாவுக்கு வயிற்றால் போயிற்று, அவ்வளவுதான். உடம்பில் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல் இவைதான் அவர்கள் பயப்படுகிற அலர்ஜி. வயிற்றுப்போக்கும் குமட்டலும் பக்கவிளைவு. அலர்ஜி என்று ஒரு தடவை எழுதிவிட்டால் சாதாரணமாகப் போடும் ஆன்டிபயாடிக்கை விட்டுவிட்டு வேறு, பெரும்பாலும் விலை கூடிய மருந்துக்குப் போவார்கள். ஆகவே 'ஒத்துக்காது' என்பதோடு நிற்காமல், சாப்பிட்டதும் என்ன ஆயிற்று, எவ்வளவு நேரத்தில் ஆயிற்று என்று சொல்லுங்கள். அலர்ஜியா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்கட்டும். அதே சமயம், தடிப்பு வந்தது உண்மையென்றால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி மட்டும் சித்தி துணைக்கு வந்தார். நைட் சிஸ்டர், "12 மணிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டில் தலைமாட்டில் 'என்.பி.ஓ.' (வாய்வழியாக எதுவும் கூடாது) என்று ஆங்கிலத்தில் ஒரு அட்டையும் தொங்கியது. விடியற்காலையில் வராந்தாவில் காபிக்காரர் வர, அப்பா கேட்க, சித்தி அரை டம்ளர் வாங்கிக் கொடுத்துவிட்டார். பிறகு நர்ஸ் வந்து "ஏதாவது சாப்பிட்டாரா?" என்று கேட்டதற்கு, "இல்லம்மா, வெறும் வயிறுதான்" என்று மனதாரச் சொல்லியிருக்கிறார். பொய் இல்லை. நம் வழக்கத்தில் காபி குடிப்பது, இட்லி சாப்பிடுவது. தியேட்டரிலிருந்து ஸ்ட்ரெச்சரோடு வந்தவர், "தண்ணி, காபி, டீ ஏதாவது குடிச்சாரா?" என்று பிரித்துக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. அன்றைய ஆபரேஷன் ரத்து.

மறுநாள் டாக்டருக்கு வேறு ஆபரேஷன்கள், இடமில்லை. அதற்கடுத்த நாள்தான் கிடைத்தது. ரூம் வாடகை, நர்ஸிங் சார்ஜ், டாக்டர் வந்துபோகும் சார்ஜ், திரும்பவும் ஒரு ரத்தப் பரிசோதனை என்று 11,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போயிற்று. பணம்கூடப் போகட்டும். இடுப்பெலும்பு முறிவை முடிந்தால் 2 நாளுக்குள் சரி செய்துவிட வேண்டும் என்பார்கள். இதய டாக்டர் கருத்துக்காக ஏற்கெனவே தாமதமாகியிருந்தது. காலில் எடை கட்டித் தொங்கவிட்ட நிலையில், புரண்டு படுக்க முடியாமல் அப்பா பட்ட வேதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தது நான். சித்தியை நர்ஸ் திட்டியது வராந்தா முழுக்கக் கேட்டது. சித்தி அழுதார். எனக்கு இரண்டு பேர் மேலும் வருத்தமாகத்தான் இருந்தது. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவான கணக்கு, கெட்டி உணவுக்கு 6 மணி நேரம், பால் கலந்த காபி டீக்கும் அதே 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். உங்கள் டாக்டர் சொல்லும் நேரம்தான் உங்களுக்குச் சட்டம். நர்ஸ் கேட்கும்போது "சாப்பிடவில்லை" என்று மட்டும் சொல்லாமல், கடைசியாக வாயில் போனது என்ன, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். மருத்துவமனைகளுக்கும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த அட்டையில் 'தண்ணீர், காபி உட்பட வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது' என்று தமிழில் எழுதித் தொங்கவிட எவ்வளவு செலவாகிவிடும்?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு வலி. நர்ஸ் வந்து, "ஐயா, வலி எப்படி இருக்கு?" என்று கேட்பார். அப்பா, "பரவாயில்லம்மா" என்பார். அவர் போன கையோடு பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவார். நான் ஓடிப்போய் "ரொம்ப வலிக்குதாம் சிஸ்டர்" என்பேன். "இப்பத்தானே பரவாயில்லைன்னார்?" என்று சலித்துக்கொள்வார்கள். அப்பா தலைமுறை ஆண்களுக்கு வலியைச் சொல்வதே கௌரவக் குறைவு, அதிலும் பேத்தி வயசுப் பெண்ணிடம். கடைசியில் ஒரு சிஸ்டர் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "ஐயா, வலியே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. இப்ப எத்தனை?" அப்பா தபால் ஆபீஸில் கணக்குப் பார்த்தவர். யோசித்து, "படுத்திருந்தா நாலு, காலை அசைச்சா எட்டு" என்றார். அந்த ஒரு பதிலில் எல்லாமே மாறியது. உடற்பயிற்சி கொடுப்பவர் வருவதற்கு முன்னால் வலிமருந்து போடும்படி டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றினார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் 'பரவாயில்லை' ரகம் என்றால் முதல் நாளே அவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். வலியின் தன்மையைச் சொல்ல ஆங்கிலமும் தேவையில்லை. குத்துகிறது, குடைகிறது, எரிகிறது, சுரீர் என்று இழுக்கிறது, மரத்துப்போகிறது என்று தமிழில் எத்தனை சொற்கள்! நர்ஸுக்கு வேண்டியதும் அவைதான்.

இன்சுலினில் எங்களை ஒரு சிஸ்டர் நன்றாகக் காய்ச்சி எடுத்தார். வீட்டில் அப்பா "காலையில 20 பாயிண்ட், ராத்திரி 12 பாயிண்ட்" என்றுதான் சொல்வார். நம் பக்கம் எல்லோரும் பாயிண்ட் என்றே சொல்கிறார்கள். "என்ன மருந்து, எந்த ஊசி?" என்று கேட்டார். "சுகர் ஊசி" என்றார் அப்பா. நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு அளவில் வருகிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 100 பாட்டிலிலிருந்து 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இதை அந்த சிஸ்டர் ஒரு சிரிஞ்சை எடுத்துக் காட்டிச் சொன்னபோது என் வயிறு கலங்கிவிட்டது. வீட்டிலிருந்து பாட்டிலையும் சிரிஞ்சையும் கையோடு கொண்டுபோங்கள். பெயர், 40-ஆ 100-ஆ, எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் என்ற நான்கும் தெரிந்திருக்க வேண்டும்.

'மயக்கம்' என்ற சொல்லுக்கு வார்டில் ஒரு தனி மதிப்பு உண்டு. எதிர்க் கட்டில் பெரியவரின் மகன் ஒருநாள் "சிஸ்டர், அப்பா மயக்கமாயிட்டாரு!" என்று கத்தினார். அவசர மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு மூன்று பேர் ஓடிவந்தார்கள். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பல நாள் படுத்திருந்துவிட்டு எழுந்ததில் தலை சுற்றியிருக்கிறது. "மூச்சே நின்னுபோச்சோன்னு வேற பேஷண்ட்ட பாதியில விட்டுட்டு ஓடி வர்றோம் தம்பி" என்றார் ஒரு சிஸ்டர். கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை, பாதியில் விட்டுவந்த அந்த இன்னொரு நோயாளியை நினைத்து. நம் பேச்சில் தலைசுற்றலும் மயக்கம், கண் இருட்டுவதும் மயக்கம், நினைவு தப்புவதும் மயக்கம், ஆபரேஷனுக்குக் கொடுப்பதும் மயக்கம். நர்ஸுக்குத் தெரிய வேண்டியது கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா, கண் திறக்கிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா என்பதுதான்.

இது எனக்கே உதவியது. அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் இன்சுலின் போட்டபின் அப்பா இட்லியைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவரிடம் ஏதோ சரியில்லை என்று பட்டது. நான் நர்ஸ் மேஜைக்குப் போய், "சிஸ்டர், அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது, கை சில்லுன்னு இருக்கு, என்னைப் பார்த்து அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடுறார். ஊசி போட்டாச்சு, சாப்பிடல" என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையில் சுகர் பார்க்கும் மெஷினோடு வந்தார். 54 இருந்தது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. உடனே குளுக்கோஸ் கொடுத்துச் சரியாக்கினார்கள். பிறகு அவரே சொன்னார்: "நீங்க லோ சுகர்னோ மயக்கம்னோ சொல்லாம, பார்த்ததைப் பார்த்த மாதிரி சொன்னீங்கக்கா. அது போதும்." பக்கத்தில் பலர் 'வீசிங்', 'அல்சர்', 'ஃபிட்ஸ்', 'அட்டாக்' என்று அரைகுறையாகக் கேள்விப்பட்ட பெயரைச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலை இல்லை.

குளுக்கோஸ் என்றதும் சித்தப்பா நினைவு வருகிறது. பார்க்க வந்தவர் தொங்கும் பாட்டிலைப் பார்த்ததும், "சுகர் பேஷண்டுக்கு குளுக்கோஸ் ஏத்துறீங்களே, படிச்சுத்தான் வந்தீங்களா?" என்று ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்துக் கத்திவிட்டார். பாட்டிலில் ஓடிக்கொண்டிருந்தது நார்மல் சலைன், உப்புத் தண்ணீர். அதில் சர்க்கரையே கிடையாது. தொங்குவது எல்லாமே நம் ஆட்களுக்கு குளுக்கோஸ்தான். அந்தப் பெண் பதில் பேசாமல் பாட்டிலைத் திருப்பி லேபிளைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க அவர் எங்கள் பக்கம் சிரிக்கவே இல்லை. இதேபோல, பாட்டில் தீரப் போகிறது, காற்று உள்ளே போய் உயிர் போய்விடும் என்று அலறுவதும் தினமும் நடக்கும். சாதாரணமாகத் தொங்கவிட்டு ஏற்றும் பாட்டில் தீர்ந்தால் ஓட்டம் தானாக நின்றுவிடும். தெரியப்படுத்துங்கள், போதும். குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திருகியை மட்டும் நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அலறவேண்டியது வேறொன்றுக்கு. வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றும் ஊசிக்குழாய், குத்தியிருக்கும் கை வீங்குகிறது, எரிகிறது, சிவந்திருக்கிறது என்றால் உடனே கூப்பிடுங்கள்.

கூப்பிடும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வார்டில் இரவு ஷிஃப்டில் ஒரு ஆண் நர்ஸ் இருந்தார். நான்கு வருடம் பி.எஸ்சி. நர்ஸிங் படித்து, நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தவர். அவரை அத்தனை பேரும் 'வார்டு பாய்' என்றே கூப்பிட்டார்கள். சிலர் பெட்பேனை எடுத்துப் போகச் சொன்னார்கள், ஊசி போட வந்தால் "நர்ஸ் வரலையா?" என்று கேட்டார்கள். அவர் முகம் சுருங்குவதை நான் பார்த்தேன். ஆண் நர்ஸை மருத்துவமனையில் 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள். பெண் என்றால் சிஸ்டர். வயதில் சிறியவர் என்பதற்காக "ஏ பொண்ணே", "இந்தாம்மா" வேண்டாம். அதைவிட மோசமான ஒன்று, "நீங்க நர்ஸ்தானே, டாக்டரைக் கூப்பிடுங்க." அந்த 'தானே' அவர்களை எவ்வளவு காயப்படுத்துகிறது என்று ஒரு சிஸ்டர் என்னிடம் கண் கலங்கச் சொன்னார். அப்பாவின் சுகர் இறங்கியதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தபோது டாக்டர் வேறு மாடியில் இருந்தார்.

இனி, பணத்தில் பெரிய அடி விழுந்த இடம். அந்த 'இருபது வருஷம்'. அப்பாவுக்குச் சுகர் கண்டுபிடித்தது 2016-ல். 2022-ல் பாலிசி எடுத்தபோது அதையும் ஸ்டென்ட்டையும் மறைக்காமல் எழுதிக் கூடுதல் பிரீமியமும் கட்டினோம். ஆனால் கேஸ் ஷீட்டில் 20 வருடம் என்று இருந்ததைப் பார்த்த இன்சூரன்ஸ் தரப்பு, நோயின் காலத்தை மறைத்ததாகச் சொல்லி கேஷ்லெஸ்ஸை, அதாவது மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவதை, மறுத்துவிட்டது. சித்தப்பாவைக் கேட்டால், "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்கிறார். நமக்கு இருபது வருஷம் என்றால் 'ரொம்ப நாளாக' என்று அர்த்தம். தாளில் அது எண்.

பதறிப்போய் நர்ஸ் மேஜைக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே இன்னொரு குடும்பம், எழுதியதை அடித்து மாற்றச் சொல்லி சிஸ்டரை நெருக்கிக்கொண்டிருந்தது. "எழுதினதை அடிச்சா என் வேலையே போயிரும், இது கோர்ட்டுக்குப் போற தாள்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதால் நான் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, என்ன வழி என்று கேட்டேன். தலைமை நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். 2016-ல் முதன்முதலில் எழுதிய சீட்டும் ரத்தப் பரிசோதனையும் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், உறவினர் தவறாகச் சொன்ன தகவல் என்று அவர் தேதியிட்டுத் தனியாக ஒரு குறிப்பும் கடிதமும் தருவார் என்றார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அப்பாவின் பீரோவில் அந்தச் சீட்டைத் தேடி எடுக்க வைத்தேன். கடிதம் கிடைத்தது. ஆனால் டிஸ்சார்ஜுக்குள் முடிவு வரவில்லை. மொத்த பில் 2,38,000 ரூபாய். கையில் இருந்தது போக 2 லட்சத்துக்கு வளையல்களை அடகு வைத்தேன். தனியாகக் கவுன்ட்டரில் நின்று அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்தபோது வந்த அழுகையை அடக்க முடியவில்லை.

பிறகு எல்லாக் காகிதங்களோடும் விண்ணப்பித்து, பல மாத இழுபறிக்குப் பின் 2,06,000 வந்தது. கையுறை, பஞ்சு மாதிரியான சாமான்களுக்கும் வேறு சிலவற்றுக்கும் பிடித்துக்கொண்டார்கள். அடகு வட்டி மட்டும் ஏறக்குறைய 9,000. பாலிசி இடைவிடாமல் 60 மாதம் ஓடியிருந்தால் மோசடியை நிரூபித்தாலொழிய இப்படிக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2024-ல் விதி மாற்றியிருக்கிறார்கள். எங்கள் பாலிசி அந்தக் கணக்கை எட்டியிருக்கவில்லை. எத்தனை வருடமாக என்று கேட்டால் வருடத்தைச் சொல்லுங்கள், '2016-லிருந்து' என்று. தெரியவில்லை என்றால் 'சரியாகத் தெரியாது, மகளிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லலாம், அதில் தப்பே இல்லை. அட்மிஷன் அன்றே, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. சூடாக இருக்கும்போது டாக்டரே திருத்தி எழுதுவது சுலபம்.

டிஸ்சார்ஜ் அன்று மருந்துகளை விளக்க வந்த சிஸ்டருக்கு அவசரம், வாசலில் அடுத்த நோயாளி காத்திருந்தார். சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ஒரு வலி மாத்திரைக்கு எதிரே 'எஸ்.ஓ.எஸ்.' என்று இருந்தது. தேவைப்பட்டால் மட்டும் போட வேண்டும் என்று பொருள். ஆபத்துக் காலத்தில் போடும் உயிர்காக்கும் மாத்திரை என்று நினைத்துச் சித்தப்பா அதைத் தனியாகச் சட்டைப்பையில் எடுத்து வைத்திருந்தார். காலில் ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலுக்கடியில் போடும் ஊசியும் சில நாளைக்கு இருந்தது. நான் ஒவ்வொரு மருந்தாக எடுத்து, "இது சாப்பிட்ட பிறகு, இது தூங்கப் போறப்ப, இந்த ஊசி சாயங்காலம், போட்டபின் தேய்க்கக் கூடாது, சரியா சிஸ்டர்?" என்று என் வாயால் திரும்பச் சொன்னேன். ஒரு இடத்தில் திருத்தினார். அட்டைகளின் மேல் தமிழில் 'காலை', 'இரவு' என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, அவரே பேனாவை வாங்கி மீதி அட்டைகளில் எழுதிக் கொடுத்தார்.

இப்போது அப்பாவின் பர்ஸில் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன், அதன் படம் சித்தப்பா போனிலும் இருக்கிறது. பெயர், வயது, ரத்த வகை. சுகர் 2016 முதல், பிபி 2011 முதல், மாத்திரையால் கட்டுக்குள். ஆஞ்சியோபிளாஸ்டி 2019, ஸ்டென்ட் ஒன்று. இடது இடுப்பு ஆபரேஷன், உள்ளே உலோகம் இருக்கிறது. மருந்து அலர்ஜி இல்லை, ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலால் ஒருமுறை வயிற்றுப்போக்கு. தினசரி மாத்திரைகளும் இன்சுலினும் அளவோடு. என் போன் நம்பர். மாத்திரை மாறினால் தாளை மாற்றிவிட்டுப் பழையதைக் கிழித்துப் போடுகிறேன்.